தனி ஆவர்த்தனத்தில் பாடியது யார்?

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு டேக் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கோப்பின் மூலையில் துளை போட்டு, காகிதங்களைக் கோத்துக் கட்டும் நூல் கயிறு. இரண்டு முனையிலும் சின்னதாக உலோகத் துண்டு இருக்கும். முப்பத்து நான்கு வருடத்தில் நான் கட்டிய டேக்குகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்தால் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வரை போகும் என்று என் மனைவி கேலி செய்வாள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து, எழுபத்து நாலாவது வயதில், மறுபடியும் டேக் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை பாட்டுகளுக்கு.

கம்ப்யூட்டரில் இருக்கும் ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் ஒலியோடு கூட ஒரு சின்னப் படிவம் இருக்கிறது. பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், வருடம், வகை. இந்தப் படிவத்தைத்தான் டேக் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எத்திகெத் என்பார்கள். என்னோடு படித்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே விரல் வலிக்கும். வருட ஆரம்பத்தில் எல்லா நோட்டுக்கும் அட்டை போட்டு, மேலே எத்திகெத் ஒட்டி, பெயர், வகுப்பு, பாடம் என்று தொட்டு எழுதும் பேனாவால் எழுதவேண்டும். எழுத்து கோட்டைத் தாண்டினால் மெத்ரு கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒட்டச் சொல்வார்.

என்னிடம் இருந்த சரக்கு இது. சி.டி. முந்நூற்றுச் சொச்சம், காஸெட் நூற்றெண்பது, பெரிய இசைத்தட்டு நாற்பது. பாதிக்கு மேல் கர்நாடக சங்கீதம். மிச்சத்தில் பழைய சினிமாப் பாட்டும், பியாஃப், திரேனே, பிராசான்ஸ் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரெஞ்சுப் பாட்டும். நம் ஊர்க் கடல்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. காஸெட் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை. சி.டி. அழியாது என்று கடைக்காரர் சொல்லித்தான் விற்றார். உங்கள் பீரோவில் இருப்பதை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தின மாதிரி புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளிப் போடாமல் பிரதி எடுத்துவிடுங்கள்.

பிரதி எடுப்பதற்கு ரிப் பண்ணுவது என்று பெயர். பெயர்தான் கொடூரம், எதையும் கிழிப்பதில்லை. 1982இல் வந்த சி.டி.யில் இருப்பது வெறும் எண்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தை வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று இரண்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்குப் பத்தரை எம்.பி. ஆகிறது. பாட்டுப் பெட்டியில் ஓடும்போது கீறல் வந்தால், பெட்டி நிற்காது. முன்னே பின்னே இருக்கும் எண்களைப் பார்த்து, நடுவில் இருப்பதை உத்தேசமாக இட்டு நிரப்பிவிடும். காதுக்கு அது போதும். ஆவணத்துக்குப் போதாது.

அதற்காகவே ஆந்திரே வீதோஃப் என்ற ஜெர்மானியர் எழுதிய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற நிரல் இருக்கிறது. இலவசம். சந்தேகமான இடத்தில் திரும்பத் திரும்பப் படிக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு தட்டை இரண்டு தடவை முழுதாகப் படித்து, இரண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு, ஒப்பிட்டுக் காட்டுவது. பழைய நகல் பிரிவில் ஒருவர் நகல் எழுத, இன்னொருவர் மூலத்தை உரக்கப் படிக்க, கடைசியில் 'எழுதியவர்', 'ஒப்பிட்டவர்' என்று இரண்டு கையெழுத்து விழும். அதேதான். உலகத்தில் மற்றவர்கள் எடுத்த பிரதியோடு நம்முடையதை ஒத்துப் பார்க்கவும் ஆக்யுரேட் ரிப் என்று ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. பியாஃப் தட்டைப் போட்டால் இத்தனை பேருடையதோடு ஒத்துப் போகிறது என்று உடனே பதில் வரும். சின்னக் கம்பெனி வெளியிட்ட வயலின் கச்சேரியைப் போட்டால் அப்படி ஒரு தட்டே பதிவில் இல்லை என்று வரும். அங்கே நம் இரண்டு கையெழுத்துத்தான் துணை.

எடுத்ததை எம்.பி.3 ஆக வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எம்.பி.3 என்பது பிரேசி எழுதுவது மாதிரி. முக்கியமானதை வைத்துக்கொண்டு, காது கவனிக்காது என்று அது நினைப்பதைத் தள்ளிவிடும். தள்ளியது திரும்ப வராது. 2001இல் வந்த ஃபிளாக் அப்படியல்ல. படுக்கையைச் சுருட்டி ஹோல்டாலில் கட்டுவோமே, அந்த மாதிரி. அளவு ஏறக்குறைய பாதியாகிறது, பிரித்தால் ஒரு நூல் குறையாமல் திரும்ப வருகிறது. முந்நூறு சி.டி.யும் சுமார் நூறு ஜி.பி.க்குள் அடங்கிவிட்டன. என் சட்டைப்பை அளவுள்ள பெட்டியில் அது கால்வாசிகூட நிரம்பவில்லை.

இனி இந்த உயர்தரம் என்கிற விஷயம். பாரீஸ் பக்கத்தில் இருக்கும் என் மாமா மகன் போன் பண்ணும்போதெல்லாம், "மச்சான், இருபத்து நாலு பிட், நூற்றுத் தொண்ணூத்திரண்டு கிலோஹெர்ட்ஸ்ல மாத்திடு" என்பான். ஒரு படி அரிசியை அண்டாவில் கொட்டினால் இரண்டு படி ஆகாது என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். சி.டி.யில் இருப்பது 16 பிட். அதை 24இல் எழுதினால் மிச்சம் எட்டிலும் சுழியம்தான் இருக்கும். பிட் ஒன்றுக்கு ஆறு டெசிபல் என்பது கணக்கு. 16 பிட் என்றால் 96 டெசிபல். நம் வீட்டுக் காஸெட்டில் மெல்லிய ஒலிக்கும் இரைச்சலுக்கும் நடுவே அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அதிகம். என் காதோ, போன வருடம் பரிசோதனை செய்தபோது 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வரைபடத்தில் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. 96,000 யாருக்காக?

இருந்தாலும் காஸெட்டையும் இசைத்தட்டையும் நான் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில்தான் எடுக்கிறேன். தரம் கூடும் என்பதற்காக அல்ல. தவில் திடீரென்று எழும்பினால் ஒலி முட்டிக்கொள்ளாமல் இருக்க, பதிவின் மட்டத்தைத் தாராளமாகத் தாழ்த்தி வைக்க அது இடம் கொடுக்கிறது. பிற்பாடு ஏற்றிக்கொள்ளலாம். நிமிடத்துக்கு முப்பத்து நாலரை எம்.பி. ஆகிறது. ஃபிளாக் ஆக்கினாலும் காஸெட் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. ஒழுங்கு இருந்தால்தான் அமுக்கலாம். இரைச்சலில் ஒழுங்கு ஏது? எடுப்பதற்கு முன் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அதன் பக்கத்துத் திருகைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை திருப்பி, ஜால்ரா ஒலி எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தவேண்டும். ஒவ்வொரு காஸெட்டுக்கும் இதைச் செய்கிறேன். மாமா மகன் சொல்லும் எண்களைவிட அந்தத் திருகு தரும் பலன் அதிகம்.

இது வரைக்கும் யந்திர வேலை. டேக்கில்தான் தகராறு ஆரம்பிக்கிறது.

1996இல் எம்.பி.3க்கு முதன்முதலாக இந்தப் படிவத்தை வகுத்தபோது, பெயருக்கு முப்பது எழுத்து இடம் விட்டார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை ஆங்கில எழுத்தில் நான் எழுதும் கூட்டலில் எண்ணினால் ராஜரத்தினத்தோடு சரியாக முப்பது. பிள்ளை வெளியே நின்றுவிடுவார். வகைக்கு எண்பது பெயர் கொண்ட பட்டியல் ஒன்று. அதில் போல்கா நடனத்துக்கு 75ஆம் எண் உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது 1986இல். அதை எந்த வகையில் போடுவது என்று யோசித்தால், அந்தத் தலைப்பே கேள்வியாக நிற்கிறது.

ஃபிளாக்கில் நாமே பெட்டி சேர்க்கலாம். பெட்டியின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கவேண்டும், உள்ளே தமிழில் எழுதலாம். எம்.பி.3 டேக் என்ற ஜெர்மன் நிரல் இதற்கு வசதி. ராகம், தாளம், இயற்றியவர், மொழி, வர்ணமா கிருதியா தில்லானாவா, கச்சேரி நடந்த இடம், தேதி என்று சேர்த்துக்கொண்டே போனேன். மேல்நாட்டுப் பாட்டில் பாட்டின் பெயர் தெரிந்தால் போதும். நமக்கோ ஒரே கிருதியை இருபது பேர் பாடியிருக்கிறார்கள். இன்று காலை தோடி கேட்கவேண்டும் என்று தோன்றினால், பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெயர்களை வரிசைப்படுத்துவது அடுத்த தலைவலி. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று நம்பும் மேல்நாட்டு முறையில் விட்டால் மதுரை மணியும், செம்மங்குடியும், பாலக்காடு மணியும் 'ஐயர்' என்ற ஒரே வீட்டில் குடியேறிவிடுவார்கள். ஊர்ப் பெயரில் போடுவது என்று தீர்மானித்தேன். செம்மங்குடியை ஊர்ப் பெயரால்தானே கூப்பிடுகிறோம்? எழுத்துக்கூட்டலுக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். சங்கராபரணம் என்றால் எங்கும் அதுதான். தியாகராஜர் என்று எழுதினால் வேறு எங்கும் தியாகய்யர் கிடையாது. என் மனைவி இதை 'ராஜாங்க கெஜட்' என்கிறாள்.

தமிழில் எழுதுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய பெட்டி ஒன்றில் போட்டுப் பார்த்தபோது, நான் எழுதிய ராகம் எல்லாம், தலையில் அக்சான் கிராவ் போட்ட பிரெஞ்சு 'ஆ'வும் அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு குறியுமாக வரிசை வரிசையாக வந்தன. தமிழ் யூனிகோடைப் படிக்கத் தெரியாத பெட்டி அதை ஐரோப்பிய எழுத்தாக நினைத்துக்கொள்கிறது. பிரெஞ்சில் படித்தவனுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று சிரித்துவிட்டு, அந்தப் பெட்டியைப் பரணில் போட்டேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கச்சேரி சி.டி.யில் தனி ஆவர்த்தனம் பெரும்பாலும் தனித் துண்டாக இருக்கும். தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டதும், இணையத்திலிருந்து வந்து நிரம்பும் படிவத்தில் 'பாடியவர்' என்ற இடத்தில் பாடகர் பெயர் உட்கார்ந்திருக்கும். பத்து நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை. தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசித்தவர் பெயர் எங்கும் கிடையாது. பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று தேடினால், இடது கையால் அவர் வாசித்த அத்தனை வாசிப்பும் என் பெட்டிக்குள் இருக்க, ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, தம்புரா என்று ஆளுக்கொரு பெட்டி போட்டேன். தனி ஆவர்த்தனத் துண்டில் பாடகர் பெயரை எடுத்துவிட்டு வாசித்தவர்கள் பெயரை எழுதினேன். முந்நூறு சி.டி.க்கும் உறையில் இருந்த பொடி எழுத்தை பூதக்கண்ணாடி வைத்துப் படித்து நிரப்ப ஒன்றரை வருடம் ஆயிற்று.

இதில் எனக்குச் சொந்தச் சங்கதி ஒன்று இருக்கிறது. என் தாய்மாமா மிருதங்கம் வாசித்தவர். உள்ளூர்க் கோயில்கள், கல்யாணங்கள், வெளியூரிலிருந்து வரும் பாடகரோடு வர வேண்டியவர் வராமல் போனால் கடைசி நேரத்தில் கூப்பிடுவார்கள். 1991இல் காலமானார். ரேடியோவில் இல்லை, தட்டில் இல்லை. யாரோ உட்கார்ந்து பதிவு செய்த மூன்று காஸெட்டுகள் மட்டும் வீட்டில் இருந்தன. மூன்றின் மேலும் பாடகர் பெயர் மட்டும். குடும்பத்தார் பெயரை இங்கே எழுதுவதில்லை என்பது என் வழக்கம், வாசகர்களுக்குத் தெரியும்.

முதல் காஸெட்டில் சந்தேகம் இல்லை. மங்களம் முடிந்த பிறகு காரியதரிசி நன்றி சொல்கிறார். 'நமது ஊர்' என்று அடைமொழி கொடுத்து மாமா பெயரைச் சொல்லி, மைக் செட்டுக்காரருக்கும் நன்றி சொல்லி முடிக்கிறார். காஸெட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் வெட்டி எறிவது இந்த இடத்தைத்தான். தயவு செய்து வெட்டாதீர்கள். பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன. இரண்டாவதில் நன்றியுரை இல்லை. மூன்றாவதில் இருக்கிறது. "மிருதங்கத்தில்..." என்று ஆரம்பிக்கிறார், நாடா தீர்ந்துவிடுகிறது. பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்றால் நாற்பத்தைந்துதான்.

மாமா மகனுக்கு மூன்றாவதுதான் உயிர். பதினொன்றரை நிமிடத் தனி. "அப்பா இப்படி வாசிச்சாருன்னு என் பேத்திங்களுக்குத் தெரியணும் மச்சான்" என்றான். நான் ஆவணம் இல்லாமல் பதிவேட்டில் எழுதிப் பழகாதவன். முத்தியால்பேட்டையில் இருக்கும் அத்தையிடம் போனேன். எண்பத்தாறு வயது. ஒரு காது மந்தம். ஹெட்போனைக் காதில் மாட்டி, கூந்தலில் சிக்காமல் சரிசெய்து, முதல் காஸெட்டைப் போட்டேன்.

"அவருதான்," என்றார் உடனே. கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவது. கொஞ்ச நேரம் கேட்டார். "இதுவும் அவருதான். தொப்பில ரவை கொஞ்சம் தூக்கலா வச்சா இப்படித்தான் கேக்கும். நான் பிசைஞ்சு குடுத்ததுதானே."

மூன்றாவதை முழுக்கக் கேட்டார். மோரா வந்து, பாடகர் பல்லவியை எடுத்து, கைதட்டல் ஓய்ந்தது. ஹெட்போனைத் தானே கழற்றி மடியில் வைத்தார்.

"இது உங்க மாமா இல்ல தம்பி."

"நல்லா கேட்டுச் சொல்லுங்க அத்தை. உங்க மகன் இதான் அப்பாவோடதுலயே ஒசத்தின்னு சொல்றான்."

"ஒசத்தியாத்தான் இருக்கு. அதான் சொல்றேன். இவ்ளோ நேரம் அவருக்கு யாரும் குடுக்க மாட்டாங்க."

முதல் இரண்டு காஸெட்டிலும் தனி எவ்வளவு நேரம் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒன்றில் நாலே கால் நிமிடம். இன்னொன்றில் ஆறு நிமிடத்துக்கும் குறைவு.

மாமா மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, காதும் சரியில்ல. நீ எழுதிடு மச்சான். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். நான், யாரோ ஒருத்தருடைய பேரன் பேத்தியும் இதைத் தேடிக்கொண்டிருக்கலாம் இல்லையா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், அங்கே குளிர் அதிகம் என்று பேச்சை மாற்றிவிட்டான். மூன்று வாரம் போன் வரவில்லை. பிறகு வந்தது, இதைப் பற்றிப் பேசவில்லை. இருவரும் பேசுவதில்லை.

முதல் இரண்டு தனியிலும் 'வாசித்தவர்' என்ற இடத்தில் மாமா பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். 'ஆதாரம்' என்று ஒரு பெட்டி புதிதாகச் சேர்த்து, முதலாவதற்கு நன்றியுரை என்றும், இரண்டாவதற்கு அத்தை கேட்டுச் சொன்னது என்று தேதியோடும் எழுதினேன். மொத்தக் களஞ்சியத்துக்கும் மூன்று பிரதி. ஒன்று என் மேசையில், ஒன்று மகள் வீட்டில், ஒன்று பிரான்சில் மாமா மகன் வீட்டில். போன மாதம் அவன் பேத்தி அந்த நாலே கால் நிமிடத்தை போட்டு, திரையில் கொள்ளுத்தாத்தா பெயர் தெரிவதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எழுத்து எப்படி இருக்கும் என்று தன் தாத்தாவைக் கேட்டு உறுதி செய்துகொண்டாளாம்.

மூன்றாவதில் மிருதங்கம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று இருக்கிறது. காஸெட் மேல் 'நவராத்திரி 79' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. கூட ஒரு கஞ்சிரா. அவரை மட்டும் அத்தைக்கு அடையாளம் தெரிந்தது. உப்பளத்துப் பையன், கல்யாணத்துக்கு வந்தால் இரண்டு தடவை பாயசம் கேட்பான் என்றார். பெயர் நினைவில்லை. நம் ஊரில் அந்த வருடங்களில் கச்சேரி கேட்டவர்கள் யாராவது இருந்தால் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன். ஆதி தாளம், இரண்டு களை. இரைச்சல் கொஞ்சம் இருக்கும்.